இரண்டு டயருக்கு நடுவே உள்ள இடைவெளி

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகும் நெடுஞ்சாலை சுசீந்திரத்தில் பழையாற்றைத் தாண்டுகிறது. பாலத்தை ஒட்டிச் சற்று நேரம் நின்றால் நாஞ்சில் நாட்டின் சுமை முழுவதும் கண்முன்னால் போய்விடும். ஆரல்வாய்மொழிப் பக்கத்துச் செங்கல், தோவாளைப் பூ, ஏத்தன் வாழைக்குலை, குலசேகரத்து ரப்பர் ஷீட், சின்னமுட்டம் துறைமுகத்துக்குப் போகும் ஃபைபர் வள்ளம். மார்கழியில் தாணுமாலயன் கோயில் திருவிழா வந்துவிட்டால், விளக்கு அலங்காரத்துக்கான ஜெனரேட்டரைப் பின்கொக்கியில் மாட்டி இழுத்து வரும் வண்டிகளும் இவற்றோடு சேர்ந்துகொள்ளும். பாரவண்டிகளில் பெரும்பாலானவற்றின் அமைப்பு ஒன்றுதான். முன்னால் இரண்டு டயர், பின்னால் பக்கத்துக்கு இரண்டாக நான்கு. 1986-இல் டாடா 407 வந்த பிறகு, சின்ன ஊர்ச் சாலைக்கும் இந்த டபுள் டயர் வண்டி வந்து சேர்ந்தது. அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-350, ராம் 3500 போன்ற பிக்கப் வண்டிகளிலேயே இதே அமைப்பை வைத்து, படகையும் குதிரைகள் ஏற்றிய டிரெய்லரையும் இழுக்கிறார்கள்.

இரண்டு ஊர் ஓட்டுநர்களுக்கும் பொதுவாக ஓர் ஆசை உண்டு. கம்பெனி கொடுத்த டயரைக் கழற்றிவிட்டு, ஒரு அளவு பெரியதாகப் போட்டால் என்ன? இங்கே அதன் பெயர் 'எட்டே கால் போடுவது'. அதாவது 7.50-16 அளவு டயரை எடுத்துவிட்டு 8.25-16 மாட்டுவது. பஞ்சர் கடைகளில் இந்தப் பேச்சு அடிக்கடி நடக்கும்.

"அண்ணாச்சி, எட்டே கால் போட்டா லோடு கூட ஏத்தலாம்லா?"

"டயரு தாங்கும் மக்கா. அச்சு தாங்கணும்லா."

கடைக்காரர் சொல்லும் பதிலில் பாதி விஷயம் இருக்கிறது. மீதிப் பாதி, அந்த இரண்டு டயருக்கும் நடுவே உள்ள சின்ன இடைவெளியில் இருக்கிறது. பெரிய டயரின் விலை, அதன் தோற்றம், அது தரும் உயரம் எல்லாவற்றையும் பேசுகிறோம். இந்த இடைவெளியைப் பற்றித்தான் பேசுவதே இல்லை.

முதலில் சுமையைத் தாங்குவது எது என்று பார்ப்போம். டயரின் ரப்பரும் நூலும் காற்றை அடைத்து வைக்கும் பைதான். எடையைத் தூக்கி நிறுத்துவது உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம். 7.50 டயருக்கு 100 பி.எஸ்.ஐ. அளவில் காற்று அடிக்கிறார்கள். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 7 கிலோ. ஒரு டயர் மீது 1,320 கிலோ இறங்கினால், அது தரையில் அழுந்தி 190 சதுர சென்டிமீட்டர் அளவுக்கு விரிந்த பிறகே நிற்கும். விரித்து வைத்த இரண்டு உள்ளங்கை அளவு இடம், அவ்வளவுதான்.

1,320 என்ற எண்ணை நான் காரணத்தோடுதான் எடுத்தேன். 7.50 ஆர் 16 ரேடியல் டயர் சிலவற்றின் பக்கச்சுவரில் 122/118 என்று அச்சடித்திருக்கும். இவை சுமைக் குறியீட்டு எண்கள். 122 என்றால் 1,500 கிலோ; அந்த டயரைத் தனியாக மாட்டினால் அது தாங்கும் எடை. 118 என்றால் 1,320 கிலோ. அதே டயரை ஜோடியாக மாட்டினால் தாங்க வேண்டிய எடை. டயர் அதேதான், காற்றும் அதேதான். ஜோடி சேர்ந்ததும் ஒவ்வொன்றின் தகுதியும் 180 கிலோ குறைந்துவிடுகிறது. டயர் செய்பவர்களுக்குத் தெரியும், ஜோடியில் இரண்டும் ஒருபோதும் சரிசமமாகச் சுமை எடுப்பதில்லை. ஏதோ ஒன்று கூடுதலாகத் தாங்கிக்கொண்டே இருக்கும். அதற்காக முன்கூட்டியே கழித்து வைத்த எடைதான் அது.

கழித்த பிறகும் நான்கு பின்டயருக்குச் சேர்த்து 5,280 கிலோ வருகிறது. 407-இன் பல மாதிரிகளில் சரக்கோடு சேர்த்து வண்டியின் மொத்த எடையே 6 டன்னுக்குள்தான். அதில் ஒரு பங்கை முன் அச்சு தாங்கிவிடும். ஆகவே பின் டயர் ஏற்கெனவே தேவைக்கு மேல் தாங்கக்கூடியதாகவே வருகிறது. முதலில் தோற்பது அச்சும் ஸ்பிரிங் பட்டையும் பிரேக்கும்தான். டயரை மட்டும் பெரிதாக்கினால் இவற்றில் எதுவும் ஒரு கிலோகூட வலுப்பெறாது.

இப்போது இடைவெளிக்கு வருவோம். 7.50-16 டயரின் அகலம் ஏறக்குறைய 215 மி.மீ. 8.25-16 டயருக்கு 235 மி.மீ. வித்தியாசம் 20 மி.மீ. தனி டயராக இருந்தால் அது ஒன்றுமில்லை. ஜோடியில் கதை வேறு. ரிம்மின் மையத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொரு டயரும் இரு பக்கமும் 10 மி.மீ. கூடுதலாக நீள்கிறது. உள்டயர் பட்டையை நோக்கி 10 மி.மீ. போகிறது, வெளிடயர் மட்கார்டை நோக்கி 10 மி.மீ. வருகிறது. நடுவில் மட்டும் இரண்டும் எதிரெதிரே வளர்வதால் 20 மி.மீ. காணாமல் போகிறது. முதலில் 35 மி.மீ. இடைவெளி இருந்த ஜோடி என்று வைத்துக்கொண்டால், இப்போது 15 மி.மீ. மிச்சம்.

அதுவும் வண்டி காலியாக நிற்கும்போது உள்ள கணக்கு. லோடு ஏறியதும் தரையைத் தொடும் இடத்தில் டயரின் பக்கச்சுவர் பிதுங்கும். ஒவ்வொன்றும் 8 மி.மீ. பிதுங்கினால்கூட அந்த 15 மி.மீ. முடிந்துவிடும், இரண்டு டயரும் ஒன்றையொன்று தொடும். 407 அளவு டயர் ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 400 சுற்று சுற்றுகிறது. மணிக்கு 60 கிலோமீட்டரில் நிமிடத்துக்கு 400 சுற்று. டயரின் ஒவ்வொரு இடமும் கீழே வரும்போது பிதுங்கி, பக்கத்து டயரில் உரசி, மேலே போகும்போது விலகுகிறது. நிமிடத்துக்கு 400 தடவை. பக்கச்சுவர்தான் டயரிலேயே ரப்பர் மெலிந்த பகுதி. கனமாக ரப்பர் இருக்கும் இடம் சாலையைத் தொடும் டிரெட் பகுதி மட்டுமே. உரசல் தொடர்ந்தால் சுவரில் வட்டமாக ஒரு மினுமினுப்பு விழும். பிறகு அந்த வட்டம் பள்ளமாகும். பிறகு உள்ளே உள்ள நூல் தெரியும். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் படாது, இரண்டு டயரின் உள்முகத்திலும் நடப்பதால்.

சேதம் உரசலோடு நிற்பதில்லை. ஓடும் டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது. மடக்கச் செலவான ஆற்றல் முழுவதும் நிமிரும்போது திரும்பி வருவதில்லை. ஒரு பகுதி சூடாகத் தங்கிவிடுகிறது. அந்தச் சூட்டை வெளியேற்றுவது காற்றோட்டம். வெளிடயருக்கு ஒரு பக்கம் முழுதும் திறந்த வெளி. உள்டயருக்கு அந்தப் பக்கம் பட்டையும் சேசிஸும், இந்தப் பக்கம் இன்னொரு டயர், நடுவில் பிரேக் டிரம்மின் கொதிப்பு. அதற்கு மிச்சம் இருந்த ஒரே ஜன்னல் அந்த இடைவெளி. அதையும் அடைத்துவிட்டால் சூடு ஏறிக்கொண்டே போகும். ரப்பருக்கும் நூலுக்கும் உள்ள பிடி தளரும். பின் டயர் தீப்பிடித்து நெடுஞ்சாலையில் எரியும் லாரிகளில், தீ உள்பக்கத்தில் தொடங்கிப் புகை வெளியே வரும்வரை ஓட்டுநருக்குத் தெரியாமல் போவது இதனால்தான்.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தச் சூட்டோடு ஒரு சொந்தம் உண்டு. தமிழ்நாட்டின் ரப்பர் பெரும்பாலும் விளைவது இங்கேதான். குலசேகரம், பேச்சிப்பாறை, கீரிப்பாறை மலைச்சரிவுகளில் விடியுமுன் பால்வெட்டு நடக்கிறது. 1984-இல் தொடங்கிய அரசு ரப்பர் கழகத்தின் தலைமையிடம் நாகர்கோவில். கார் டயரில் செயற்கை ரப்பர் தாராளமாகச் சேரும். லாரி டயரில் இயற்கை ரப்பரின் பங்கு மிகக் கூடுதல். விமான டயரில் இன்னும் கூடுதல். இயற்கை ரப்பர் மடங்கி நிமிரும்போது ஆற்றலைப் பெருமளவு திருப்பித் தந்துவிடும், குறைவாகச் சூடாகும். இழுத்து நீட்டினால் அதன் மூலக்கூறுகள் வரிசையாக அடுக்கிக்கொண்டு படிகம்போல் இறுகி, கிழிசல் மேலே பரவாமல் தடுக்கும். மரம் தரும் இந்த இரண்டு குணத்தையும் ஆலைகள் இன்றுவரை முழுமையாக நகலெடுக்கவில்லை. கனமான சுமைக்கு ஏற்ற பொருள் நம் மலையிலேயே கிடைக்கிறது. அதை இரண்டு டயருக்கு நடுவே நெருக்கிச் சுட்டுக் கெடுப்பது எனக்குப் பொறுக்க முடியாத வீணடிப்பாகப் படுகிறது.

இடைவெளியைக் காப்பாற்ற வழி இல்லாமல் இல்லை. 7.50 டயருக்கு 6 அங்குல ரிம், 8.25 டயருக்கு 6.5 அங்குல ரிம். அந்த ரிம்மையும் மாற்றி, இரண்டு டயரின் மையமும் கூடுதலாக விலகி நிற்கும்படி வளைவுள்ளதைப் போட வேண்டும். அப்படிப் போட்டால் வெளிடயர் மேலும் வெளியே போகும், உள்டயர் பட்டையை மேலும் நெருங்கும். அச்சு முனையிலிருந்து தள்ளி நிற்கும் டயர், ஹப் பேரிங்கைக் கூடுதலாக நெம்பும். ஒன்றைச் சரிசெய்யப் போனால் மற்றொன்று இழுத்துக்கொண்டு வருகிறது. பழைய ரிம்மிலேயே பெரிய டயரை அடித்து ஏற்றுவதுதான் வழக்கத்தில் நடக்கிறது. அதுதான் எல்லாவற்றிலும் மோசமான வழி.

அடுத்தது இழுவை. இங்கே ஒரு குழப்பம் பலருக்கும் உண்டு: பெரிய சக்கரம் என்றால் லேசாக உருளும், ஆகவே பாரம் இழுப்பதற்கு நல்லது என்று. சுசீந்திரத்தில் அந்த நம்பிக்கைக்குக் காரணம் கண்ணெதிரே இருக்கிறது. மார்கழித் திருவிழாவின் ஒன்பதாம் நாள் தேர் ஓடும்போது, ஆளுயரத்தை எட்டும் சக்கரங்கள் வீதியின் மேடு பள்ளத்தைச் சிரமமில்லாமல் ஏறி இறங்குகின்றன. அது உண்மை. வெளியிலிருந்து வடம் பிடித்து இழுக்கும் சக்கரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவுக்குக் கல்லையும் குழியையும் எளிதில் தாண்டும். ஆனால் லாரியின் பின்சக்கரத்தை யாரும் வடம் கட்டி இழுப்பதில்லை. அச்சு அதை நடுவிலிருந்து முறுக்குகிறது. சக்கரம் தரையைப் பின்னால் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில்தான் வண்டி நகர்கிறது. முறுக்கு மாறாமல் ஆரம் மட்டும் கூடினால், விளிம்பில் கிடைக்கும் தள்ளல் அதே விகிதத்தில் குறையும். தேரின் சக்கரத்தை நெம்பு போட்டுக் கிளப்புபவர்கள் தடியைச் சக்கரத்தின் விளிம்புக்கு அடியில் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அச்சைப் பிடித்து முறுக்கி அந்தத் தேரை நகர்த்த வேண்டும் என்றால் எத்தனை பேர் வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். லாரி என்ஜின் செய்வது அந்த வேலை.

கணக்கு இதோ. 7.50-16 டயரின் விட்டம் ஏறக்குறைய 805 மி.மீ.; 8.25-16-க்கு 860 மி.மீ. விட்டம் 7 சதவீதம் அளவுக்குக் கூடுகிறது, தள்ளல் 6.4 சதவீதம் குறைகிறது. ஆறு டன் வண்டி இரண்டு டன் டிரெய்லரை இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 8 டன். இந்த எடையோடு எந்த ஏற்றத்தைத் திணறித் திணறி ஏறியதோ, அதே ஏற்றத்தில் அதே கியரில் இப்போது அது ஏற்றிச் செல்லக்கூடியது 7.5 டன். அரை டன் சரக்கு டயர் மாற்றத்திலேயே போய்விட்டது. கூடுதல் லோடு ஏற்றத்தானே பெரிய டயர்? மார்த்தாண்டம் தாண்டிக் களியக்காவிளை வரை சாலை ஏறி இறங்கிக்கொண்டே போகும். கீரிப்பாறை எஸ்டேட் வழியில் கேட்கவே வேண்டாம். அங்கெல்லாம் ஓட்டுநர் ஒரு கியர் முன்னதாகவே இறங்க வேண்டிவரும். நின்ற இடத்திலிருந்து கிளப்பும்போது கிளட்ச் கூடுதல் நேரம் வழுக்கிக் கருகும்.

பிரேக்கும் அச்சிலிருந்துதான் முறுக்குகிறது, எதிர்த்திசையில். டிரம்மும் ஷூவும் அப்படியே இருக்க, டயர் மட்டும் பெரிதானால் நிறுத்தும் விசையும் 6.4 சதவீதம் குறைந்துவிடும். அதே விசையைப் பெற மிதியை இன்னும் அழுத்த வேண்டும், டிரம் இன்னும் சூடாகும், சூட்டில் பிரேக் பிடிப்பு மேலும் தளரும். பெரிய சக்கரத்தை ஓட்டுவதைக் காட்டிலும் நிறுத்துவது கஷ்டம் என்பது தேர்க்காரர்களுக்குத் தெரிந்த பாடம். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரத்தோடு ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. சக்கரத்தை மாற்றியவர்கள் பிரேக்கையும் சேர்த்தே யோசித்தார்கள்.

வேகமானியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முள் 60 காட்டும்போது வண்டி 64-இல் போகும். 80-இல் பூட்டிய வேகக் கட்டுப்பாட்டுக் கருவி 85 வரை விட்டுக்கொடுக்கும். ஓடிய தூரமோ குறைவாகப் பதிவாகும்; 100 கிலோமீட்டர் ஓடினால் மீட்டரில் 93 அல்லது 94. 'பெரிய டயர் போட்ட பிறகு மைலேஜ் இறங்கிவிட்டது' என்று வருத்தப்படுபவர் முதலில் இந்தக் கழிவைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். வருத்தத்தில் ஒரு பங்கு மீட்டரின் பிழை.

பின்னால் டிரெய்லர் மாட்டும் வண்டிக்கு இன்னொரு விஷயமும் உண்டு. இரண்டு டன் ஜெனரேட்டர் டிரெய்லரின் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 200 கிலோ, கொக்கியில் இறங்குவது நல்லது. அதற்குக் குறைந்தால் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். கொக்கி பின் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் இருக்கிறது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே மூன்று மீட்டர் என்றால், அந்த 200 கிலோ பின் அச்சில் 300 கிலோவாக இறங்கும். முன் அச்சிலிருந்து 100 கிலோவைத் தூக்கிவிடும். ஸ்டீயரிங் லேசாவது அதனால்தான். டபுள் டயர் இங்கேதான் தன் பெருமையைக் காட்டுகிறது. டிரெய்லர் பக்கவாட்டில் ஆட்டும்போது நான்கு டயரின் பக்கச்சுவர்களும் வளைய மறுத்து நிற்கின்றன. அகன்ற நிற்புத்தளம் வண்டியை நிலையாக வைக்கிறது. உயரமான டயர் வந்தால் கொக்கியும் இரண்டரை சென்டிமீட்டர் அளவுக்கு உயரும், டிரெய்லரின் மூக்கு மேலே போகும், அதன் எடை பின்பக்கம் சாயும், கொக்கியில் இறங்கும் எடை குறையும். அளவு சின்னதுதான். ஆனால் ஏற்கெனவே பின்பாரமாக ஏற்றிய டிரெய்லரில் அந்தச் சின்ன அளவும் வாலாட்டத்துக்குத் துணைபோகும்.

இவ்வளவு சொன்னதால் பெரிய டயரில் நன்மையே இல்லை என்று ஆகாது. உள்ளே காற்றின் கொள்ளளவு கூடுவதால், அதே எடையைக் குறைந்த அழுத்தத்தில் மெத்தென்று தாங்கும். குழிக்குள் ரிம் அடிபடுவது குறையும். வண்டியின் வயிறு தரையிலிருந்து சற்று உயரும். செம்மண் சூளைப் பாதையில் அது உதவிதான். இவற்றுக்காக ஆசைப்படுபவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் டபுள் டயர் வண்டிக்காரர் பெரிய டயருக்குச் செலவழிக்கும் முன், தன் வண்டியில் இப்போது இருக்கும் நான்கு டயரும் ஜோடியாக ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால், பெரும்பாலும் அங்கேயே அவருடைய பிரச்சினை தீர்ந்துவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒரே ரிம் சைஸ், ஒரே டயர் சைஸ் என்றால் ஜோடி சரி என்று நினைக்கிறோம். உண்மையில் பார்க்க வேண்டியது விட்டம். ஒரே அச்சில், ஒரே ஹப்பில் இறுக்கிய இரண்டு டயருக்கும் சுற்று எண்ணிக்கை ஒன்றுதான். ஒன்று வேகமாகவும் மற்றொன்று மெதுவாகவும் சுற்ற வழியே இல்லை. இரண்டுக்கும் விட்டத்தில் 6 மி.மீ. வித்தியாசம் என்று கொள்வோம். சுற்றளவில் 19 மி.மீ. வித்தியாசம் வரும். கிலோமீட்டருக்கு 400 சுற்றில் அது ஏழரை மீட்டர். ஒரு டயர் 1,000 மீட்டர் உருளும்போது மற்றொன்று ஏழரை மீட்டரை உருளாமல் சாலையில் தேய்ந்தே கடக்க வேண்டும். நாகர்கோவிலிலிருந்து சென்னை ஏறக்குறைய 700 கிலோமீட்டர். போய்ச் சேர்வதற்குள் அந்த டயர் 5 கிலோமீட்டருக்கு மேல் இழுபட்டிருக்கும். இரண்டு டயரும் அழுந்தி, கொஞ்சம் வளைந்து கொடுத்து, இதில் ஒரு பகுதியைச் சமாளிக்கும். மீதி தேய்மானமாகவும் சூடாகவும் போகும். சுமையும் பெரிய டயரின் மீதே கூடுதலாக ஏறும். சிறியது பாதி தொங்கிக்கொண்டு வரும்.

டயர்த் துறையின் வழக்கமான வரம்பும் இதுதான்: 8.25 வரையிலான அளவுகளில் ஜோடிக்குள் விட்ட வித்தியாசம் கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது, 9.00-க்கும் அதற்கு மேலும் அரை அங்குலம். கால் அங்குலம் என்றால் 6 மி.மீ. புது டயரில் டிரெட்டின் பட்டன் உயரம் 12 மி.மீட்டர் என்று வைத்தால், பாதி தேய்ந்த டயரில் 6 மி.மீ. குறைந்திருக்கும், விட்டத்தில் அது இரு பக்கமும் சேர்ந்து 12 மி.மீ. ஆகும். ஆகவே பஞ்சராகி வீணான ஒன்றுக்குப் பதிலாகப் புது டயர் வாங்கி, பாதி தேய்ந்த பழைய துணையோடு மாட்டினாலே வரம்பு இரண்டு மடங்கு மீறப்படுகிறது. புதுசு வாங்கிய திருப்தியோடு போகும் வண்டியில் அந்தப் புதுசுதான் இரண்டு டயரின் சுமையையும் சுமந்து முதலில் போகும்.

இதை அளக்கப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம். கவனமுள்ள டயர் கடைக்காரர் செய்வதைப் பார்க்கலாம். பின் அச்சை ஜாக்கி வைத்துத் தூக்கி, நேரான மரச்சட்டம் ஒன்றை இரண்டு டயரின் டிரெட் மீதும் குறுக்கே வைக்கிறார். சட்டம் ஒரு டயரில் ஒட்டி உட்கார்ந்து, மற்றதில் அந்தரத்தில் நிற்கிறது. அந்தச் சந்தில் கனம் தெரிந்த பிளேடுத் துண்டு ஒன்றைச் செருகிப் பார்க்கிறார். சந்து 3 மி.மீ. என்றால் விட்டத்தில் 6 மி.மீ. வித்தியாசம், அதுவே எல்லை. அதற்கு மேல் என்றால் ஜோடி மாற்ற வேண்டும். இடப்பக்கத்துக்கு இரண்டு, வலப்பக்கத்துக்கு இரண்டு என்று நான்கையும் கழற்றிக் கலைத்து, ஒத்தவற்றைச் சேர்த்தாலே பல நேரம் போதும். சுண்ணாம்புக் கட்டியால் ஒவ்வொன்றிலும் அளவைக் குறித்து அடுக்கும்போது எது எதோடு சேரும் என்று தெரிந்துவிடும். எல்லைக்குள் சின்ன வித்தியாசம் மிஞ்சினால், பெரியதை வெளியே போடுவது வழக்கம். லோடு ஏறிய அச்சு நடுவில் தாழ்ந்து முனைகளில் நிமிரும். நடுமேடான ஒற்றைச் சாலையில் வண்டி மேட்டைக் காலுக்கு நடுவே விட்டு ஓடும். இரண்டிலும் உள்டயரே தரையோடு கூடுதலாக அழுந்துகிறது. அதற்குக் கொஞ்சம் இளைப்பாறுதல் தர வேண்டும்.

நைலான் டயரையும் ரேடியல் டயரையும் ஜோடி சேர்க்கவே கூடாது. ரேடியலின் பக்கச்சுவர் கூடுதலாக நெளியும், நைலான் விறைத்து நிற்கும். விட்டம் ஒன்றாக இருந்தாலும் சுமை ஒன்றாகப் பிரியாது.

ரீட்ரேடிங் செய்த டயர்களில் இந்தக் கவனம் இரட்டிப்பாக வேண்டும். தமிழ்நாட்டுக்கும் ரீட்ரேடிங்குக்கும் பழைய உறவு. 1946-இல் சென்னை திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., 1952-இல் முதலில் கால் வைத்தது ரீட்ரேடிங்குக்கான டிரெட் ரப்பரில்தான். முழு டயர் அதன் பிறகே வந்தது. நல்ல உடம்புள்ள பழைய டயரைச் சீவி, புது டிரெட் ஒட்டுவது காசையும் ரப்பரையும் மிச்சப்படுத்தும் நேர்மையான தொழில். ஆனால் சீவும் ஆழமும் ஒட்டும் பட்டையின் கனமும் கடைக்குக் கடை மாறும். ஒரே சைஸ் எழுதிய இரண்டு டயர் வெவ்வேறு விட்டத்தில் திரும்பி வரும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே பட்டறையில், ஒரே அளவுக்குச் சீவச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

காற்றும் அப்படித்தான். டீக்கடையில் வண்டியை நிறுத்தியதும் ஓட்டுநர்கள் லிவரால் டயரைத் தட்டிக் காது கொடுப்பார்கள். காற்று முழுதும் இறங்கியதை அந்தச் சத்தம் சொல்லிவிடும், 20 பி.எஸ்.ஐ. குறைந்திருப்பதைச் சொல்லாது. உள்டயரின் வால்வுக்குக் கை எட்டாததால் வாரக்கணக்கில் யாரும் கேஜ் வைத்துப் பார்ப்பதில்லை. வால்வை வெளியே கொண்டுவரும் நீட்டிப்புக் குழாய் மலிவான பொருள். ஜோடியில் ஒன்று காற்று குறைந்து பிதுங்கினால், சரியான சைஸ் டயராக இருந்தாலும் அந்த இடைவெளி அடைபடும். ஜல்லிப் பாதையில் இடையில் மாட்டும் கல்லும் இதே இடத்தில்தான் உட்காரும். அது சுவரைக் குத்தும், அல்லது வேகத்தில் தெறித்துப் பின்னால் வருபவரின் கண்ணாடியை உடைக்கும். லிவரைக் கையில் எடுத்தவர் தட்டிப் பார்ப்பதோடு அந்தக் கல்லையும் தட்டி எடுத்துவிட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? சரக்கு வண்டியின் பதிவுச் சான்றிதழில் ஒவ்வொரு அச்சிலும் எத்தனை டயர், என்ன அளவு என்பதும், அந்த அச்சுக்குப் பதிவான எடையும் சேர்த்தே எழுதப்படுகின்றன. உற்பத்தியாளர் குறித்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதிசெய்தது. அச்சு எடைக்கான வரம்பையும் அரசே நிர்ணயிக்கிறது. நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு 2018-இல் அது 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்ந்தது. 407 போன்ற சின்ன வண்டியின் அச்சு இதற்கு வெகு கீழே, தன் தகுதிக்குத் தக்கபடி பதிவாகியிருக்கும். இந்த எண்களுக்குப் பின்னால் சாலையின் உயிர் இருக்கிறது. அமெரிக்காவில் இலினாய் மாநிலத்தின் ஒட்டாவா அருகே 1958 முதல் 1960 வரை ராணுவ வீரர்கள் லாரிகளை ஓயாமல் ஓட்டிச் செய்த சோதனையில், சாலைச் சேதம் அச்சு எடையின் நான்காம் அடுக்கை ஒட்டி ஏறுவது தெரிந்தது. எடையை 20 சதவீதம் கூட்டினால் சேதம் இரண்டு மடங்கு. குவாரிக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றி மேற்கே போகும் கனரக வண்டிகள் குமரிச் சாலைகளை என்ன செய்கின்றன என்பதை இந்த மாவட்டத்தில் வண்டி ஓட்டும் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

உண்மையாகவே பெரிய டயர் தேவைப்படும் வேலை இருக்கிறவர் மாற்ற வேண்டியவை இவை: ஸ்டெப்னியோடு சேர்த்து ஏழு டயர், ஏழு ரிம், கிரவுன் பினியனின் பல் விகிதம், வேகமானியின் அளவீடு, பிரேக்கின் தகுதி, பதிவுச் சான்றிதழின் வரி. பின்னால் மட்டும் மாற்றினால் ஸ்டெப்னி எந்தப் பக்கத்துக்குப் பொருந்தும் என்ற கேள்வி வேறு. முன்டயர் பஞ்சரானால் ஒரு அளவு, பின்டயர் பஞ்சரானால் இன்னொரு அளவு. ஒற்றை ஸ்டெப்னியோடு இரவில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நிற்பவருக்கு அந்தக் கேள்வி சின்னதல்ல. இவை எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் வரும் தொகை, 8.25-16 டயரைக் கம்பெனியே மாட்டி, அதற்கேற்ற அச்சோடும் பிரேக்கோடும் விற்கும் அடுத்த அளவு வண்டியைப் பழையதாக வாங்குவதற்கான முன்பணத்தை நெருங்கிவிடும்.